மணப்பாறைக்கு எத்தனை 'பி'?

தமிழ் ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் இலக்கிய நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி 'ட்ரிச்சினாப்பொலி', 'டூட்டிகோரின்' என்பவற்றைக் கண்டதுமே வெள்ளைக்காரன் செய்த அவமானம் என்று கொதிக்கிறது; காதில் விழுகிறபடியே எழுதிவிட்டால் போன மானம் திரும்பிவிடும் என்கிறது. மற்றொரு கட்சி, ஆங்கிலத்தில் எப்படி எழுதினால் என்ன, தமிழில் சரியாக இருந்தால் போதாதா என்று கொட்டாவி விடுகிறது. இரண்டு பேருமே தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கட்சி. சிதைந்த பெயர் அழகாக இருக்கிறதா, காதுக்கு இதமாக இருக்கிறதா என்பது ஒரு பொருட்டே அல்ல. அதிலிருந்து மூலப்பெயருக்குத் திரும்பிப்போக வழி இருக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. இந்தத் தெளிவை எனக்குத் தந்தது இலக்கண நூல் எதுவுமில்லை. சி++ஃபில்ட் என்கிற ஒரு சின்னஞ்சிறு கட்டளைவரிக் கருவி.

கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. சி++ மொழியில் ஒரே பெயரில் பல செயல்கூறுகளை எழுதலாம். 'அளவு' என்ற பெயரில் ஒன்று முழு எண்ணை வாங்கிக்கொள்ளும். அதே பெயரில் இன்னொன்று பின்ன எண்ணை வாங்கிக்கொள்ளும். 'படி' என்ற நம் சொல் இடத்துக்கேற்ப வினையாகவும் பெயராகவும் நிற்பதைப் போலத்தான். ஆனால் நிரலின் துண்டுகளை ஒன்றாகத் தைக்கிற லிங்கர் என்னும் இணைப்பிக்கு இந்த நுட்பம் தெரியாது. அது சி++ பிறப்பதற்கு முந்தைய காலத்து ஆசாமி. ஒரு பெயருக்கு ஓர் ஆள் என்பதுதான் அதற்குத் தெரிந்த உலகம். எனவே கம்பைலர், வாங்கிக்கொள்ளும் பொருள்களின் வகையையும் பெயருக்குள்ளேயே திணித்து, ஒவ்வொரு பெயரையும் விகாரமான ஒரு சரமாக மாற்றி இணைப்பியிடம் ஒப்படைக்கிறது. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'மாங்லிங்', அதாவது சிதைத்தல். செய்கிற காரியத்தை மங்கலமாக்கிச் சொல்கிற கூச்சமெல்லாம் நிரலாளர்களிடம் இல்லை.

மணப்பாறை என்ற பெயரில், எதையும் வாங்கிக்கொள்ளாத ஒரு செயல்கூறை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். (2020இல் வந்த ஜிசிசி 10ஆம் பதிப்பிலிருந்து தமிழ் எழுத்திலேயே நேராக இப்படிப் பெயர் வைக்க முடியும்.) கம்பைலர் அதை எப்படி எழுதும் தெரியுமா? முதலில் ஓர் அடிக்கோடு. அடுத்து 'இசட்'. அடுத்து 24 என்ற எண். அதன் பின் மணப்பாறை. கடைசியில் ஒரு 'வி'. அடிக்கோடும் இசட்டும் 'இது சிதைக்கப்பட்ட பெயர்' என்ற முன்னறிவிப்பு. 24 என்பது, இனிவரும் பெயர் எத்தனை பைட் நீளம் என்ற கணக்கு. கடைசி 'வி' வெறுங்கையின் அடையாளம். நம் கணக்கில் மணப்பாறைக்கு ஐந்தெழுத்து. யூனிகோடு புள்ளியையும் காலையும் ஐகாரக் குறியையும் தனித்தனியே எண்ணுவதால் எட்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 24. ஐந்தை எட்டாக்கிய குற்றத்துக்காக யூனிகோடு மீது வழக்காடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அந்தச் சண்டையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். எட்டோ இருபத்துநான்கோ, மணப்பாறையிலிருந்து ஒரு புள்ளிகூடக் காணாமற்போகவில்லை.

இந்தச் சரத்தை சி++ஃபில்ட்டிடம் கொடுத்தால், 'மணப்பாறை' என்று எழுதி, பக்கத்தில் வெறும் அடைப்புக்குறியைப் போட்டுத் திருப்பித் தந்துவிடும். க்னூ பின்யூட்டில்ஸ் என்ற தொகுப்பில் வருகிற, விலையில்லாத, பகட்டில்லாத கருவி. நூறு எழுத்துக்கு மேல் நீளும் கோரச் சரங்களையும் இதே அலட்சியத்தோடு பிரித்துப் போடும். அதற்கு மந்திரம் எதுவும் தெரியாது. சிதைக்கும் விதி எழுதப்பட்டிருக்கிறது. எல்லாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. எந்தத் தகவலும் வழியில் கொட்டிவிடாதபடி வகுக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான். இந்த விதித்தொகுப்பு இன்டெல் நிறுவனத்தின் இடானியம் சிப்புக்காக எழுதப்பட்டது. அந்தச் சிப் தோற்றுப்போய், 2021இல் கடைசிச் சரக்கும் அனுப்பப்பட்டு, கதை முடிந்துவிட்டது. அதற்காக எழுதிய பெயர் விதி மட்டும், அந்தச் சிப்பைக் கண்ணாலும் பார்த்திராத கோடிக்கணக்கான கணினிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கருவியிடம் இன்னொரு குணம் உண்டு. அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். தனக்குப் புரியாத சரம் ஒன்று வந்தால், அதைத் தொடாமல் வந்தபடியே வெளியே விட்டுவிடும். ஊகம் செய்யாது. 'இப்படி இருந்திருக்கலாம்' என்று புராணம் கட்டாது. சாதாரணச் செயல்கூறு எந்த வகைப் பொருளைத் திருப்பித் தரும் என்ற தகவல் சிதைந்த பெயருக்குள் பொதிந்து வைக்கப்படுவதில்லை. ஆகவே மீட்ட பெயரிலும் அது இருக்காது. நம் ஊர்ப்பெயர் ஆராய்ச்சியாளர்கள் சிலருக்கு இந்த அடக்கத்தில் கால்வாசி இருந்திருந்தால் பல தலபுராணங்கள் நமக்கு மிச்சமாகியிருக்கும்.

நிற்க. இனி நம்மூர்க் கதைக்கு வருவோம்.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் செல்லும் இருப்புப்பாதையில், ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது மணப்பாறை. மாட்டுச் சந்தைக்கும் முறுக்குக்கும் பேர்போன ஊர். முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் குறியீட்டில் ஊர்ப்பெயருக்கு ஆங்கிலத்தில் இரண்டு 'பி'. சட்டமன்றத் தொகுதிக்கும் இரண்டு 'பி'. ரயில்வேயின் ஆங்கிலப் பட்டியலில் ஒரே 'பி'. அதே ரயில்வே திருச்சிராப்பள்ளியின் 'ச்ச'வுக்கு மட்டும் 'சி', 'ஹெச்' என்பதை இரண்டு தரம் எழுதி விசுவாசத்தைக் காட்டுகிறது. நாற்பது கிலோமீட்டருக்குள் வல்லின ஒற்று ஓரிடத்தில் மதிக்கப்படுகிறது, ஓரிடத்தில் உதிர்க்கப்படுகிறது. ஒரு விதி இருந்து அது மீறப்பட்டிருந்தாலாவது கோபித்துக்கொள்ளலாம். இங்கே மீறுவதற்கே விதி இல்லை.

ஒரு 'பி' போனால் முறுக்கு கசந்துவிடுமா என்று கேட்கலாம். கசக்காது. ஆனால் அந்த ஒற்றைப் 'பி' எழுத்துக்கோவையைத் தமிழ் தெரிந்த, ஆனால் அந்த ஊரைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து மூலத்தை எழுதச் சொல்லுங்கள். முதலெழுத்து மவா, மாவா? அடுத்து வருவது ணகரமா, னகரமா? அதன் உயிர் குறிலா, நெடிலா? பகரத்துக்கு முன்னால் ஒற்று உண்டா, இல்லையா? அந்தப் பகரம் குறிலா, நெடிலா? கடைசியில் ரகரமா, றகரமா? ஆறு இடம், ஒவ்வொன்றிலும் இரண்டு வழி. சொல்லின் நடுவே நகரம் வரும் வாய்ப்பைக் கழித்துவிட்டாலும் 64 மணப்பாறைகள்! அவற்றுள் ஒன்றில் பாறை இருக்கிறது. ஒன்றில் பறை ஒலிக்கிறது. ஒன்றில் கடப்பாரையின் பாரை. கம்பைலரின் 24 பைட் கோரத்திலிருந்து ஒரே ஒரு மணப்பாறைதான் வெளியே வருகிறது. பார்க்க லட்சணமான ஆங்கில எழுத்துக்கோவையிலிருந்து 64. எது சிதைவு?

வெள்ளைக்காரனைத் திட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராபர்ட் ஓர்ம் தன் படையெடுப்பு வரலாற்றின் முதல் பாகத்தை 1763இல் வெளியிட்டார். கர்நாடகப் போர்களில் பாதி திருச்சிக் கோட்டைக்கும் அரங்கத்துத் தீவுக்கும் நடுவே நடந்தவை என்பதால், அந்த நூல் முழுக்க நம் ஊர்கள். ஸ்ரீரங்கம் அதில் 'செரிங்ஹாம்'. கொள்ளிடம் 'கோலரூன்'. காதில் விழுந்ததை, அதுவும் துபாஷியின் வாய்வழி விழுந்ததை எழுதிக்கொண்டார்கள். அவர்களிடம் விதி இல்லை. காது மட்டும் இருந்தது. நூறாண்டு கழித்து அவர்களுக்கே இந்தக் குழப்பம் தாங்கவில்லை. 1870களில் ஹன்டர் இந்தியப் பெயர்களுக்கென ஒரு முறையை வகுத்தார். ஊறிப்போன எழுத்துகளை அப்படியே விட்டுவைத்தார். தமிழின் மூன்று லகர ளகர ழகரத்துக்கும் இரண்டு ரகர றகரத்துக்கும் அந்த முறையில் தகுந்த இடமில்லை. 1886இல் யூலும் பர்னெலும் தொகுத்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி வந்தது. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த அதே பர்னெல். சிதைந்த சொல்லை எடுத்து, அது எங்கிருந்து வந்தது, யார் யார் எந்தெந்த ஆண்டில் எப்படி எழுதினார்கள் என்று சான்றுகளை அடுக்கிச் செல்கிற அந்தப் புத்தகத்தை, அக்காலத்து சி++ஃபில்ட் என்றே சொல்வேன். அதன் தலைப்பே ஒரு சிதைவு. முஹர்ரம் ஊர்வலத்தில் ஹசன், ஹுசைன் பெயர்களைச் சொல்லி எழுப்பும் ஓலம் ஆங்கிலச் சிப்பாயின் வாயில் அப்படி ஆயிற்று. தங்கள் குற்றத்தைத் தலைப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். ஆனால் அகராதி, விதிக்கு மாற்றாகாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பர்னெல் உட்கார்ந்து தோண்ட வேண்டியிருக்கிறது என்பதே, திரும்பும் வழி அடைபட்டிருந்தது என்பதற்குச் சாட்சி.

சரி, அவர்கள் போய்விட்டார்கள். நாம் என்ன செய்தோம்?

2020ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஓர் அரசாணை போட்டது. ஏப்ரல் 1ஆம் தேதியிட்ட அந்த ஆணை ஜூன் இரண்டாம் வாரத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. ஜூன் 18ஆம் தேதி திரும்பப் பெறப்பட்டது. சிரித்தே கொன்றுவிட்டார்கள் என்று சொல்லலாம். சிரித்தவர்கள் எல்லாரும் சிரித்தது வேலூருக்காக. 'வே' என்பதற்கு ஆங்கில 'இ' எழுத்தை இரண்டு தரம் போட்டிருந்தார்கள். ஆங்கிலம் படித்தவன் அதை 'வீலூர்' என்றுதான் படிப்பான். நகைப்புக்கு அது போதும். ஆனால் உண்மையான பிழை அங்கே இல்லை. சிரித்தவர்கள் அதைப் பார்க்கவும் இல்லை.

அதே சொல்லைக் கடைசிவரை படியுங்கள். 'வே'யில் நெடிலைக் காட்ட உயிரெழுத்தை இரட்டித்தார்கள். அது ஒரு விதி, நல்ல விதிதான். அந்த விதிப்படி 'ஓ' எழுத்தை இரட்டித்தால் ஓகாரம் வர வேண்டும். ஆனால் அதே சொல்லின் 'லூ'வில் இரட்டை 'ஓ' போட்டு ஊகாரம் என்றார்கள். அது ஆங்கிலப் பள்ளிக்கூடத்து வழக்கம். ஒரே சொல், மூன்றெழுத்து, அதற்குள் ஒன்றையொன்று வெட்டுகிற இரண்டு விதிகள். இன்னும் கேளுங்கள். கோயம்புத்தூரின் 'ம்பு'வில் பகரத்துக்கு 'பி' என்னும் வல்லெழுத்தை எழுதியவர்கள், எழும்பூரின் 'ம்பூ'வில் அதே பகரத்துக்கு மெல்லொலி 'பி'யை, அதாவது ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தை எழுதினார்கள். முதலாவதில் எழுத்தைப் பார்த்தார்கள். இரண்டாவதில் ஒலியைக் கேட்டார்கள். இந்தப் பட்டியலுக்கு எந்தக் கொம்பனும் ஒரு மீட்புக் கருவி எழுத முடியாது. 1,018 பெயர்களையும் மனப்பாடம் செய்துகொண்டால் உண்டு.

கறாராகச் சொன்னால், அந்த ஆணையைச் செய்தவர்களும் அதைக் கேலி செய்தவர்களும் ஒரே மயக்கத்தில் இருந்தார்கள்: ஆங்கில எழுத்து, தமிழ் ஒலியைப் பாடிக்காட்ட வேண்டும் என்ற மயக்கம். 26 எழுத்து அதைச் செய்யாது. தமிழ் எழுத்தே தமிழ் ஒலியைப் பாடிக்காட்டுவதில்லை; கல், அகல், தங்கம் மூன்றிலும் ஒரே ககரத்தை எழுதிவிட்டு, படிப்பவரின் நாக்கை நம்பி விட்டிருக்கிறோம். ஒலியைத் துரத்துவதை விட்டு எழுத்தைப் பிடித்தால் காரியம் எளிது. ஒரு தமிழெழுத்துக்கு ஒரு குறி, எங்கே வந்தாலும் அதே குறி. இது புதிய கண்டுபிடிப்பே அல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி அப்படித்தான் செய்தது. றகரத்துக்கு அடியில் கோடு, ணகரத்துக்கு அடியில் புள்ளி, நெடிலுக்குத் தலைமேல் கோடு. அதில் மணப்பாறையை எழுதினால் மணப்பாறை மட்டுமே திரும்பி வரும். 2001இல் வந்த ஐஎஸ்ஓ 15919 என்ற உலகத் தரமும் தமிழுக்கு ஏறத்தாழ அதே வழியில்தான் போகிறது. நூறாண்டாகக் கையில் இருக்கிற விதி. அரசாணைக் குழுவில் இருந்த ஒருவருக்கும் அது அழகாகத் தோன்றியிருக்காது என்று ஊகிக்கிறேன். புள்ளியும் கோடும் பெயர்ப்பலகைக்கு விகாரம்தான். அடிக்கோடு, இசட், 24 மட்டும் என்ன, மணிப்பிரவாளமா?

இங்கே ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். தமிழ் மட்டும் பிறமொழிப் பெயர்களைச் சிதைக்கவில்லையா? சிதைத்தது, சிதைத்ததோடு நில்லாமல் அதற்கு இலக்கணமும் எழுதியது. வடசொல் தமிழாகும்போது எந்த எழுத்து எதுவாகத் திரியும் என்பதைப் பவணந்தி நன்னூலின் பதவியலில் வடமொழியாக்கம் என்றே தனியாகச் சொல்லிவைத்தார். கம்பனில் லக்ஷ்மணன் இலக்குவன் ஆனதும் விபீஷணன் வீடணன் ஆனதும் மனம்போன போக்கில் நடந்த காரியமல்ல. முழுக்க மீளக்கூடியவை என்று நான் வாதாட மாட்டேன். வடமொழியின் நாலு ககரமும் தமிழில் ஒன்றாகிவிடும்போது மீட்சி எங்கே? ஆனால் விதி வெளிப்படையாக இருந்தது; கற்றவர் பாதி வழியாவது திரும்பிப் போக முடிந்தது. நம் நாக்கே தேய்த்த பெயர்களுக்கு மரூஉ என்று தனிப்பெயர் சூட்டி அவற்றையும் இலக்கணத்துக்குள் உட்காரவைத்தோம். தஞ்சை, கோவை, புதுவை. திருச்சியும் அந்த வரிசைதான். மரூஉவைச் சொல்கிற எவருக்கும் முழுப்பெயர் தெரியும். ஆகவே அது யாரையும் வழிதப்பச் செய்வதில்லை.

ஸ்ரீரங்கத்தின் கதை இன்னும் நுட்பமானது. ஸ்ரீரங்கம், சீரங்கம், திருவரங்கம். நடுவில் இருப்பது முதலாவதின் தமிழ்த் திரிபு. மூன்றாவது திரிபே அல்ல. ஆழ்வார்களின் அரங்கம் அது, தனி மூலம் உடைய பெயர். கம்பன் தன் காவியத்தை அரங்கேற்றியதாக மரபு சொல்லும் மண்டபம் இருக்கிற அந்த ஊரை எந்தப் பெயரால் அழைப்பது என்பது பக்தியும் அரசியலும் சேர்ந்த சண்டை. அதைத் தீர்க்க எந்த எழுத்துமுறையாலும் ஆகாது; ஆகவும் வேண்டாம். மீட்புக் கருவியின் வேலை, கொடுத்த பெயர் எதுவோ அதைத் திருப்பித் தருவது. எந்தப் பெயர் உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்வதல்ல. 2020ஆம் ஆண்டுக் கூச்சலில் இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்தார்கள். பெயரை மாற்றுவது வேறு, எழுத்தை மாற்றுவது வேறு.

ஊர்கள் தாங்கும். அவற்றுக்கு அஞ்சல் குறியீடு இருக்கிறது, ஆயிரம் பேர் நினைவு இருக்கிறது. மனிதப் பெயர்களுக்கு அந்தத் துணை இல்லை. தமிழ்நாட்டில் பிறந்து, தமிழில் பெயர் சூட்டப்பட்ட ஒருவரின் பெயர் இன்று பெரும்பாலும் முதலில் ஆங்கிலத்தில் பதிவாகிறது. பிறகு ஏதோ ஒரு படிவத்துக்குத் தமிழ்ப் பெயர் தேவைப்படும்போது, மென்பொருள் அந்த ஆங்கிலத்திலிருந்து தமிழை ஊகித்துத் தருகிறது. மூலம் தமிழ், அந்த மூலத்தையே நகலிலிருந்து ஊகிக்கிறார்கள்! மாறன் என்று பெயர் வைத்த தகப்பன் நம்மாழ்வாரை நினைத்திருப்பான். அட்டையில் அச்சாகி வருவதோ மாரன், அதாவது மன்மதன். குமரி என்று பெயரிட்டால் குமாரி வரும். வள்ளி வல்லியாகிறாள். கேட்டால், ஆங்கிலத்தில் எல்லாம் ஒன்றுதானே என்பார்கள். அந்த மென்பொருளுக்கு, புரியாதபோது கையை எடுத்துக்கொள்ளும் சி++ஃபில்ட்டின் நாகரிகம் கிடையாது. 64 மணப்பாறைகளில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து, சந்தேகத்தின் சாயல்கூட இல்லாமல் அச்சடித்துத் தரும். பிறகு ரேஷன் அட்டைக்கும் பத்திரத்துக்கும் பெயர் பொருந்தவில்லை என்று, எழுத்தறியாத வள்ளி நோட்டரி பப்ளிக்கின் வாசலில் நிற்க வேண்டும்.

இதற்கு வேண்டியது மொழிப்பற்று மேடை அல்ல. தரவுத்தளத்தில் ஒரு பத்தி. தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே முதலில் வாங்கி, அதையே மூலமாக வையுங்கள். அதிலிருந்து பேரகராதி முறையிலோ ஐஎஸ்ஓ முறையிலோ இயந்திரம் படிக்க ஒரு சரத்தை வருவித்துக்கொள்ளுங்கள்; அது பலகைக்கும் விசிட்டிங் கார்டுக்கும் வர வேண்டியதில்லை, கோரமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கடவுச்சீட்டுக்கு அவரவர் விரும்புகிற ஆங்கில எழுத்தைத் தனியாக எழுதிக்கொள்ளட்டும். எந்தத் திசையில் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். ஆங்கிலத்திலிருந்து தமிழை ஊகிக்கும் அந்த ஒரு திசையை மட்டும் அடைத்துவிடுங்கள்.

பலகைகளை விட்டுவிடலாம். மணப்பாறைக்கு ஒரு 'பி' போதும் என்று ரயில்வே நினைத்தால் வைத்துக்கொள்ளட்டும், மேலே தமிழில் ஊர்ப்பெயர் சரியாக எழுதியிருக்கும்வரை. திருச்சி சந்திப்பின் நிலையக் குறியீடு இன்றைக்கும் டி, பி, ஜே. ட்ரிச்சினாப்பொலி ஜங்ஷன் என்ற பழைய பெயரின் எலும்புக்கூடு அது. எந்தப் பற்றாளரும் அதை எதிர்த்துத் தார் பூசியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அது தன்னைப் பெயர் என்று சொல்லிக்கொள்வதில்லை; மூன்றெழுத்துச் சாவி. பட்டியலில் தேடினால் திருச்சிராப்பள்ளியில் கொண்டுபோய் விடுகிறது.